வெந்நீர்க் குளியல்: கரண்டும் தண்ணீரும் எங்கே போகின்றன?

வெந்நீர்க் குளியலைப் பற்றி ஒருவர் கேட்டார். அவர் வீட்டில் நான்கு பேர். கரண்ட் பில்லையும் தண்ணீர்ச் செலவையும் குறைக்க நினைக்கிறார். அவருக்கு நான்கு சந்தேகங்கள். ஷவரை விட்டுவிட்டு வாளிக்கு மாறினால் மிச்சமா? கீசரை நாள் முழுக்கப் போட்டே வைக்கலாமா, தேவைப்படும்போது மட்டும் போடலாமா? ஹீட்டர் ராடு கரண்டைக் குடித்துவிடும் என்கிறார்களே, நிஜமா? குளித்த தண்ணீரை வேறு எதற்காவது திருப்பிவிட முடியுமா?

நான்குக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரே ஒரு கணக்கு. எத்தனை லிட்டர் தண்ணீரை எத்தனை டிகிரி செல்சியஸ் சூடேற்றுகிறீர்கள் என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கி 860ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் கரண்ட் என்று வந்துவிடும். உதாரணமாக 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். 20ஐ 15ஆல் பெருக்கினால் 300. அதை 860ஆல் வகுத்தால் 0.35 யூனிட். சாதாரண எலெக்ட்ரிக் ஹீட்டர் எதுவானாலும், எந்த விலையில் வாங்கியதானாலும், அந்தத் தண்ணீருக்குள் போக வேண்டிய வெப்பம் அவ்வளவுதான். கூடுதலாகச் செலவாகிறது என்றால் அது வழியில் எங்கோ சிந்துகிறது.

இந்தக் கணக்கில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றலைக் கொண்டு, அதே தண்ணீரை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். 1840களில் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி அளந்தது இந்த விகிதத்தைத்தான். அப்படியானால் மோட்டார் போட்டு 20 மீட்டர் உயரத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கும், அதைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவருவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். மேலே சொன்ன அந்த 20 லிட்டரை ஏற்ற, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால்கூட 0.004 யூனிட் அளவில்தான் ஆகும். சூடாக்க 0.35. குளியலறையில் கரண்ட் என்றால் பெரும்பாலும் சூடு என்றுதான் அர்த்தம். லைட்டை அணைத்தோமா, எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்தோமா என்று குழந்தைகளைத் துரத்துகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். 20 வாட்ஸ் ஃபேன் கால் மணி நேரம் ஓடினால் 0.005 யூனிட். அணைப்பது நல்ல பழக்கம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் போகிற ஓட்டை அது இல்லை.

சரி, முதல் சந்தேகம். ஷவரா, வாளியா?

இதற்குப் பொதுவான பதில் கிடையாது. உங்கள் ஷவர் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான். அளப்பது ஐந்து நிமிட வேலை. வாளியில் 10 லிட்டர் அளவுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகக் குளிக்கும்போது எவ்வளவு திறப்பீர்களோ அவ்வளவு ஷவரைத் திறந்து, செல்போனில் நேரம் பாருங்கள். 40 நொடியில் கோட்டைத் தொட்டால் நிமிடத்துக்கு 15 லிட்டர். 75 நொடி என்றால் 8 லிட்டர். 100 நொடி என்றால் 6 லிட்டர். அகலமாக மழைபோல் கொட்டும் ஷவர்கள் 15ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டுமானால், அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஷவருக்கு விதித்த உச்சவரம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 9.5 லிட்டர், அதிலும் சிக்கனமானது என்று முத்திரை வாங்க 7.6 லிட்டருக்குள் இருக்க வேண்டும்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 15 லிட்டர் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 150 லிட்டர். அது ஒரு குளியல் தொட்டியை நிரப்புகிற தண்ணீர். 15 டிகிரி சூடேற்றினால் 2.6 யூனிட். 20 லிட்டர் வாளிக் குளியலோடு ஒப்பிட்டால் ஏழரை மடங்கு. இந்த மாதிரி ஷவர் வைத்திருப்பவருக்கு, கண்ணை மூடிக்கொண்டு வாளிக்கு மாறுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் 6 லிட்டர் ஷவரில் ஐந்து நிமிடம் குளிப்பவர் செலவழிப்பது 30 லிட்டர். சோப்புத் தேய்க்கிற இரண்டு நிமிடம் அடைத்துவைத்தால் 18 லிட்டர். வாளிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. தலையில் ஷாம்பூவை அலசும்போது மெல்லிய ஷவர் மக்கைவிடச் சீக்கிரம் வேலையை முடிக்கும் என்பதும் என் அனுபவம்.

வாளி என்றாலே சிக்கனம் என்று நினைப்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. வாளிக்கு மேலே குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே மொண்டு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் குளிப்பது வாளியில் அல்ல, குழாயில். அடியில் வைத்த வாளி வழிந்துகொண்டே இருக்கும். நிரப்பி, அடைத்து, அப்புறம் மொண்டு ஊற்றினால்தான் அது வாளிக் குளியல்.

சோப்புப் போடும்போது அடைப்பது என்பது பழைய உத்தி. கடல்நீரைக் காய்ச்சி வடித்துத்தான் நன்னீர் எடுக்க வேண்டும் என்ற நிலையில் கப்பல்களில் மாலுமிகள் இப்படித்தான் குளித்தார்கள்: நனை, அடை, தேய், அலசு. இதை ஆங்கிலத்தில் நேவி ஷவர் என்றே சொல்வார்கள். 2018 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் அணைகள் வற்றி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது, அங்கும் இரண்டு நிமிடத்துக்குள் குளிக்கச் சொன்னார்கள். சமையல், துணி, கழிப்பறை எல்லாம் அந்த 50க்குள் அடங்க வேண்டும். முடியாதென்று நினைத்தவர்கள்கூடக் குளித்துப் பழகினார்கள்.

ஆனால் அடைத்துத் திறப்பதில் ஒரு சிரமம் உண்டு. இரண்டு குழாயைத் தனித்தனியாகத் திருகிச் சூட்டைச் சரிபார்க்கிற வீட்டில், ஒவ்வொரு தடவையும் பதம் பார்ப்பதற்குள் மூன்று நான்கு லிட்டர் போய்விடும். மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். அதற்குத்தான் ஷவர் தலைக்குச் சற்று மேலே, தண்ணீர் வரும் குழாயில் ஒரு சிறிய நிறுத்து வால்வு மாட்டுகிறார்கள். கீழே வைத்த கலப்பு அப்படியே இருக்கும், மேலே மட்டும் அடைக்கலாம். கைஷவரிலேயே பொத்தானோடு கிடைப்பதும் உண்டு. அடைத்திருக்கும்போது ஓரிரு சொட்டு வரும்படி இருந்தால் நல்லது. முழுக்க அடைத்தால் சில அமைப்புகளில் சூடான நீரும் பச்சைத்தண்ணீரும் ஒன்றின் குழாய்க்குள் ஒன்று புகுந்துவிடும். மறுபடி திறக்கும்போது முதலில் வருவது சுடும்.

ஓட்டத்தைக் குறைக்கப் புது ஷவர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குளியலறைச் சுவரில் ஷவருக்கென்று தனி அடைப்பு வால்வு இருக்கும். அதைப் பாதி மூடி வையுங்கள். இதற்குக் காசு செலவே இல்லை. பிரஷர் பம்ப் வைத்திருக்கிறவர்கள் முக்கியமாகச் செய்ய வேண்டியது இது. அழுத்தம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஏறக்குறைய 1.4 மடங்காகும். குளியல் ஒன்றும் 1.4 மடங்கு சுத்தமாகிவிடாது. காற்றைக் கலந்து விடும் சிக்கன ஷவர்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் புகைபோல மிக நுண்ணிய தூறலாக விடுகிற வகையில் ஒரு குறை உண்டு. தூறல் நுண்ணியதாக ஆக, உடம்பில் விழுவதற்குள் ஆறிவிடுகிறது. குளிக்கிறவர் சூட்டைக் கூட்டுகிறார். தண்ணீரில் மிச்சமானதில் ஒரு பங்கு டிகிரியில் போய்விடுகிறது. ஓட்டத்தைக் குறைக்கும்போது இன்னொரு எச்சரிக்கை: தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் உடனடி ஹீட்டர்கள் ஒரு குறைந்தபட்ச ஓட்டம் இருந்தால்தான் பற்றும். அதற்குக் கீழே போனால் அணைந்து அணைந்து எரியும், அல்லது தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும். மாற்றியபின் கையால் சோதித்துவிட்டு நில்லுங்கள்.

இதுவரை லிட்டர். இனி டிகிரி. இதைத்தான் யாரும் எண்ணுவதில்லை.

42 டிகிரியில் குளிக்கிறவர் 38க்கு இறங்கினால், பச்சைத்தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஏற்ற வேண்டியது 17 டிகிரியிலிருந்து 13 ஆகிறது. கரண்டில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உடம்பின் சூடு 37 என்பதால் 38 டிகிரித் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், குளிராது. சுடச்சுடக் குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி: அதிகச் சூடு தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். வறண்டு அரிப்பெடுக்கிற தோல் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வதே வெதுவெதுப்பான தண்ணீர், குறைந்த நேரம் என்பதைத்தான்.

மறுமுனையையும் பாருங்கள். தண்ணீர் எந்தச் சூட்டில் ஆரம்பிக்கிறது? வெயில் படுகிற மேல்நிலைத் தொட்டி உள்ள வீட்டில், விடிகாலைத் தண்ணீர் 20 டிகிரி, சாயங்காலத் தண்ணீர் 30 டிகிரி என்று இருக்கலாம். 40 டிகிரிக்கு ஏற்ற, காலையில் 20 டிகிரி தேவை, மாலையில் 10 டிகிரிதான். அதே குளியல், பாதிக் கரண்ட். வீட்டில் இரண்டு பேராவது மாலைக் குளியலுக்கு மாற முடிந்தால், இந்தக் கட்டுரையில் சொன்ன பாதி வேலைகளைச் செய்ய வேண்டியதில்லை. காலையில்தான் குளிக்க முடியும் என்றால், இரவே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். தண்ணீர் அறையின் சூட்டுக்கு வந்திருக்கும். நாலைந்து டிகிரி இலவசம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வாளியை மூடியோ, கதவைச் சாத்தியோ வையுங்கள். வாளித் தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்துதான்.

கீசர் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் தவறான நம்பிக்கை அதிகம். “அடிக்கடி அணைத்துப் போட்டால் மறுபடி சூடாக்க நிறைய இழுக்கும், அதனால் போட்டே வைப்பது மிச்சம்” என்று நன்கு படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது தப்பு. ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பத்தை வெளியே விடும். கீசரைப் போட்டே வைத்தால் அது எந்நேரமும் உச்சச் சூட்டில் நின்று, உச்ச வேகத்தில் இழந்துகொண்டிருக்கும். அணைத்துவிட்டால் ஆற ஆற இழப்பும் குறையும். மறுபடி சூடாக்கும்போது திருப்பித் தருவது இழந்ததை மட்டும்தான். எனவே அணைத்து வைப்பது எப்போதும் மிச்சமே. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இரவில் 25 லிட்டர் கீசர் முழுக்கச் சூடாகி, சிவப்பு விளக்கு அணைந்ததும் சுவிட்சை நிறுத்துங்கள். ஒரு மக்கில் பிடித்துத் தெர்மாமீட்டரால் பாருங்கள். பத்து மணி நேரம் கழித்து, யாரும் பயன்படுத்தும் முன், குழாயில் நிற்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 60 டிகிரி 45 ஆகியிருந்தால் 25ஐ 15ஆல் பெருக்கி 860ஆல் வகுக்க வேண்டும்: 0.44 யூனிட், பத்து மணி நேரத்தில், அதுவும் ஆறிக்கொண்டே வந்த நிலையில். அதே கீசர் 24 மணி நேரமும் 60 டிகிரியில் நின்றால் இழப்பு ஒரு யூனிட்டுக்கு மேல் போகும். நான்கு பேர் ஆளுக்கு 20 லிட்டர் வாளியில் 40 டிகிரியில் குளிக்க ஆவதே 1.4 யூனிட்தான். ஆக, போட்டே வைத்திருக்கும் அந்த வீட்டில் கிட்டத்தட்டப் பாதிக் கரண்ட் குளிப்பதற்கு, மீதிப் பாதி கீசர் சும்மா காத்திருப்பதற்கு. நல்ல உறை உள்ள கீசரில் சூடு இவ்வளவு இறங்காது. கீசரில் நட்சத்திரம் பார்த்து வாங்குவதன் அர்த்தம் இதுதான். தண்ணீரைச் சூடாக்குவதில் எல்லா எலெக்ட்ரிக் கீசரும் ஒன்றுபோலத்தான். சூட்டைப் பிடித்து வைப்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

எவ்வளவு நேரம் முன்னால் போட வேண்டும்? 2 கிலோவாட் கீசர், 25 லிட்டரை 25இலிருந்து 60க்குக் கொண்டுபோக அரை மணி நேரம் ஆகும். அந்த 25 லிட்டரையும் பச்சைத்தண்ணீரில் விளாவினால் 40 டிகிரியில் கணக்குப்படி 58 லிட்டர் வரும். தண்ணீர் எடுக்க எடுக்கக் கீழே பச்சைத்தண்ணீர் புகுந்து கலப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஒரு தடவை சூடாக்கி அணைத்ததில் ஆளுக்கு 15 லிட்டர் வீதம் மூன்று பேர் தாராளமாகக் குளிக்கலாம், நாலாவது ஆள் இழுத்துப் பிடித்துக் குளிக்கலாம். நால்வரும் அடுத்தடுத்துக் குளிப்பதாக வைத்துக்கொண்டால் கடைசி ஆளுக்கு ஐந்து பத்து நிமிடம் மறுபடி போட்டால் போதும்.

தெர்மோஸ்டாட்டை, அதாவது எந்தச் சூட்டில் கீசர் நிற்க வேண்டும் என்று வைக்கிற அளவை, குறைக்கலாமா என்றால், இங்கே நான் சிக்கனக்காரர்களோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். 20 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். 1976இல் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்குப் போனவர்களிடையே பரவிய நிமோனியாவிலிருந்துதான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. குடித்தால் அல்ல, ஷவர் தூறலோடு மூச்சில் போனால்தான் பெரும்பாலும் பிரச்சினை. முதியவர்கள், புகைபிடிப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் உள்ள வீட்டில் தொட்டிச் சூடு 60ஐத் தொடட்டும். கீசரை 45இல் வைத்து மிச்சம் பிடிப்பதைவிட, 60க்கு ஏற்றிக் குளித்துவிட்டு அணைப்பது பாதுகாப்பானது, மிச்சமும் கூட. பல நாள் வெளியூர் போய்வந்தால் முதலில் முழுச் சூடாக்கி, குளியலறையை விட்டு வெளியே நின்றபடி ஷவரைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் நேரடியாகத் தோலில் பட்டால் சில நொடிகளில் வெந்துவிடும். அதனால் குழந்தைகள், வயதானவர்கள் குளிக்கும்போது வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் வெந்நீர். இந்த வரிசை மாறக்கூடாது.

ராடு கரண்டைக் குடிக்குமா? குடிக்காது. 1.5 கிலோவாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது வேகம், அளவு அல்ல. தண்ணீருக்குள்ளேயே கம்பி இருப்பதால் அதில் போகும் கரண்ட் ஏறக்குறைய முழுதும் தண்ணீருக்குத்தான் போகிறது. காத்திருக்கும் இழப்பில்லை, குழாய் இழப்பில்லை. ஒருவர் மட்டும் குளிக்கிற வீட்டில், வெறும் யூனிட் கணக்குப் பார்த்தால் ராடுதான் ஜெயிக்கும். ஆனாலும் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. காரணம் கரண்ட் செலவு அல்ல, கரண்ட் ஷாக். சூடு பார்க்கிறேன் என்று ஓடும்போதே கையை விட்டு அடிபட்டவர்கள் உண்டு. பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் உலோக வாளி வேண்டாம். கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் வீட்டில் இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். கொதிக்கும்வரை விட்டு அப்புறம் பச்சைத்தண்ணீரை விளாவுவதை விட, முழு வாளியையும் வேண்டிய சூட்டுக்கு மட்டும் கொண்டுவருவது சிக்கனம். கொதிக்கிற தண்ணீர் ஆவியாக நிறைய வெப்பத்தை இழக்கும்.

சுவரில் மாட்டும் 3 கிலோவாட் உடனடி ஹீட்டரிலும் காத்திருக்கும் இழப்பு மிகக் குறைவு. ஆனால் லிட்டரையும் டிகிரியையும் பெருக்கினால் அது நிமிடத்துக்கு 43தான் தரும். 15 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். “தண்ணீர் நூல் மாதிரி வருகிறது” என்று புகார் சொல்வார்கள். பழுதில்லை, கணக்கு அப்படி. கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கனத்துக்கு முன்னால் ஒரு சொல்: அதை மூடிய குளியலறைக்குள் வைக்காதீர்கள். சரியாக எரியாத வாயுவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மயங்கி விழுவதற்கு முன் தெரியாது. வெளியே மாட்டுங்கள், அல்லது புகைக்குழாய் வெளியே போகிற மாதிரி அமையுங்கள்.

குழாயில் நிற்கும் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 15 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குழாயில் ஒரு மீட்டருக்கு 0.18 லிட்டர், 20 மில்லிமீட்டர் குழாயில் 0.31 லிட்டர் நிற்கும். கீசர் அதே சுவரில் இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. மொட்டைமாடி சோலார் ஹீட்டரிலிருந்து அந்த 20 மில்லிமீட்டர் குழாய் 20 மீட்டர் நீளத்துக்கு இறங்கி வருகிறது என்றால், ஒவ்வொரு முறையும் ஆறு லிட்டருக்கு மேல் ஆறிய தண்ணீர் வெளியேறிய பிறகுதான் வெந்நீர் எட்டிப் பார்க்கும். குளித்து முடித்ததும் அதே ஆறு லிட்டர் வெந்நீர் குழாயிலேயே நின்று ஆறும். ஒரே நேரத்தில் இரண்டு நஷ்டம். நான்கு பேர் மணிக்கொருவராகக் குளித்தால் நான்கு தடவை. ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் ஒரே தடவை. வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை போட்டால் இடைவெளி அரைமணி ஆனாலும் சமாளிக்கும். கைகழுவும் குழாய் ஒற்றைக் கைப்பிடி கொண்டதாக இருந்தால் அதை நடுவில் விடாமல் முழுக்கப் பச்சைத்தண்ணீர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். நடுவில் இருந்தால் ஒவ்வொரு தடவை கை கழுவும்போதும் கீசரிலிருந்து சூடு கிளம்பும். அது குழாய்முனைக்கு வருவதற்குள் நீங்கள் கழுவி முடித்துப் போயிருப்பீர்கள். சூடு கையில் படவே இல்லை, ஆனால் செலவாகிவிட்டது.

ஒழுகலை நிறுத்துங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதையும் பாருங்கள். அடியில் ஒரு லிட்டர் மக்கை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் நாளைக்கு 24 லிட்டர், மாதத்துக்கு 720. அது போட்டே வைத்த கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயாக இருந்தால், 24ஐ 35 டிகிரியால் பெருக்கி 860ஆல் வகுங்கள்: நாளைக்கு ஒரு யூனிட்டும் சேர்ந்து ஒழுகுகிறது. ஒரு வாஷர் மாற்றுகிற வேலை. கீசரின் பாதுகாப்பு வால்வில் சூடாகும்போது மட்டும் சொட்டினால் கவலைப்பட வேண்டாம். தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர், 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 350 மில்லி கூடுகிறது, அது வெளியேற வழி வேண்டும். அந்த வால்வை யாராவது அடைத்துவிட்டால் தொட்டி வெடிக்கலாம். சூடாகாதபோதும் சொட்டிக்கொண்டே இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு: ஹீட் பம்ப் வகை, காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுவதால் ஒரு யூனிட் கரண்டில் ஏறக்குறைய மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும். வெப்பமான ஊர்களில் இன்னும் நன்றாக வேலை செய்யும். இடம் அடைக்கும், மெதுவாகச் சூடாக்கும், ஆரம்பச் செலவு அதிகம். ஒருவர் இருவர் உள்ள வீட்டுக்கு வேண்டாம். ஆறேழு பேர் தினமும் வெந்நீரில் குளிக்கும் வீட்டுக்கு யோசிக்கலாம். சோலாரும் அப்படியே, ஆனால் சாயங்காலம் குளிக்கிற வீட்டுக்கு அது தங்கம், விடிகாலை குளிக்கிற வீட்டுக்கு வெள்ளி.

உப்புத் தண்ணீரால் கீசர் கம்பியில் படியும் வெள்ளைப் படிவு கரண்டைக் கூட்டும் என்று சொல்வதும் பாதி உண்மைதான். எலெக்ட்ரிக் கீசரில் வெப்பம் எப்படியும் தண்ணீருக்குத்தான் போக வேண்டும், மெதுவாகப் போகும், அவ்வளவே. ஆனால் கம்பி அதிகமாகச் சூடேறிச் சீக்கிரம் எரிந்துபோகும். கேஸ் கீசரில் படிவு நிஜமாகவே எரிவாயுவை வீணாக்கும். இன்னொன்று, நீண்ட முடி உள்ளவர்கள் யாரும் கணக்கில் சேர்க்காதது: 1,500 வாட்ஸ் ஹேர் டிரையர் பத்து நிமிடம் ஓடினால் 0.25 யூனிட். 14 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி சூடேற்றுகிற கரண்ட் அது. துண்டால் ஒற்றி எடுத்து, கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும் டிரையர் என்றால் பெரும்பகுதி மிச்சம்.

கடைசிச் சந்தேகம், குளித்த தண்ணீர். கழிப்பறையை ஒரு முறை அலச ஆறு முதல் ஒன்பது லிட்டர் வேண்டும், ஆக ஒரு சிக்கனக் குளியலின் தண்ணீர் இரண்டு மூன்று தடவைக்குக் காணும். வாளியால் நேரே கழிப்பறைப் பேசினுக்குள் ஊற்றலாம். மேலே உள்ள ஃபிளஷ் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம், அழுக்கு படிந்து உள்ளே இருக்கும் ரப்பர் பழுதாகும். ஒரு நாளைக்கு மேல் தேக்கி வைத்தால் நாறும். செடிக்கு விடுவதானால் வேரடியில் விடுங்கள், இலையில் படாமல், பச்சையாகச் சாப்பிடும் கீரைகளுக்கு விடாமல். சோப்பில் உள்ள சோடியம் களிமண் நிலத்தில் சேர்ந்து மண்ணை இறுக்கும், அதனால் இடையிடையே நல்ல தண்ணீரும் காட்ட வேண்டும். முடிச்சாயம், கிருமிநாசினி போட்டுக் குளித்த அன்று செடிப் பக்கமே போகாதீர்கள்.

அகலமான ஒரு டப்புக்குள் நின்று குளித்து அந்தத் தண்ணீரைச் சேர்த்து வைப்பதை நானும் சில மாதம் செய்து பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் நிற்பது வழுக்குகிறது, தூக்கிக்கொண்டு நடப்பது முதுகைப் பிடிக்கிறது. விட்டுவிட்டேன். வெந்நீர் வரும்வரை குழாயிலிருந்து வருகிற ஆறிய தண்ணீர் மட்டும் அப்படியல்ல. அதில் சோப்பு இல்லை, அழுக்கு இல்லை. குழாயடியில் எப்போதும் ஒரு காலி வாளி நிற்கிறது. குளித்து முடித்ததும் அந்தத் தண்ணீரில் குளியலறைத் தரையைக் கழுவிவிட்டு வருகிறேன்.